பாதி மழித்த முகம்: வேதாரண்யம் கதையை நாடகமாகப் போடலாமா?

டெல்டா டீச்சர்

எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆகஸ்ட் 15-க்கு ஒரு நாடகம் தயார் செய்கிறேன். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம்தான் கதை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளினார்கள். இவ்வளவும் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் மேடையில் காட்ட நினைப்பது வேறு. தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்த பிறகு, ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், எதிரில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்தார். இந்த இரண்டும்தான் நாடகம்.

ஒத்திகை பார்க்க வந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், "ஆதாரம் இல்லாத கதையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளாக மனசே சரியில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழுப்புத் தாள்

டீச்சர், அந்தப் பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வைரப்பன் மறுத்தார், சிறைக்குப் போனார், ஊரில் அவருக்கு நினைவுத் தூண் நிற்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாதி முகம் மழித்த நிலையில் எழுப்பிவிட்டாரா, முதலிலேயே முடியாது என்றாரா? அதிகாரியின் முன்னால் நிறுத்தியபோது கத்தியை அவரிடமே நீட்டி "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்றாரா? ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். மேடையில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் வரலாறு. நாளைக்கு யாராவது ஒருவர் வந்து அந்த ஒரு விவரத்தைப் பொய் என்று காட்டினால், வைரப்பனே பொய் என்று ஆகிவிடும். அவர் பட்ட சிறைவாசத்துக்கு நாம் செய்கிற மரியாதை அதுவா?

கலெக்டரின் உத்தரவு இருக்கிறது, போலீஸ் அறிக்கைகள் இருக்கின்றன, அந்த மாதத்துப் பத்திரிகைகள் இருக்கின்றன. அதிலிருந்தே நாடகம் எழுத முடியும். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களை உபசரித்ததற்காகச் சிறை சென்றார். அதற்குப் பெயர் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. அதைக் காட்டுங்களேன்.

உப்பளத்து மகன்

பழுப்புத் தாள் ஐயா, கோபமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் பிறந்து வளர்ந்தது அந்த உப்பளத்துப் பக்கம்தான்.

பந்துலு ஐயர் பெயர் பதிவில் இருக்கிறது, ஏனென்றால் அவர் பிடிபட்டார். மரத்தில் பொட்டலம் கட்டியவர் பிடிபடவில்லை, அதனால் பெயர் இல்லை. அந்த உத்தரவை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். சோறு போட்டவன் யார் என்று தெரிந்தால் ஆறு மாதம். அப்படியென்றால் தெரியாமல் இருப்பதுதானே அவர்கள் செய்த போராட்டம்? நேரில் இலை போட்டுப் பரிமாறாமல் மரத்தில் தொங்கவிட்டதே, கொடுத்தவர் முகம் வெளியே வரக்கூடாது என்றுதான். மறைந்து செய்வதில் ஜெயித்துக் காட்டியவர்களிடம் போய், "உங்கள் பெயர் காகிதத்தில் இல்லையே, நாங்கள் எப்படி நம்புவது?" என்று கேட்கிறோம்.

காகிதம் எழுதியது யார் என்பதையும் பாருங்கள். கைது செய்தவர்கள் எழுதியது அது. எங்கள் ஆச்சி கைநாட்டு. அவருக்குத் தெரிந்ததை அவர் வாயால்தான் சொல்ல முடியும்.

அடுப்பங்கரை

இரண்டு பேரும் மரத்தையே பார்க்கிறீர்கள். சமைத்தது யார்?

பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள், டீச்சர். நூறு பேர். நாள் முழுக்க நடப்பவர்கள். ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்று குறைவாக வைத்தாலும் 15 கிலோ. விறகடுப்பில், மண்பானையில் அல்லது அண்டாவில். பொழுது விடிவதற்குள் வடித்து, ஆறவைத்து, இலையில் மடித்து, வாழைநாரில் கட்டி முடிக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் மரத்தில் தொங்கும் சோறு மதியத்துக்குள் ஊசிப்போகும். அப்போது என்ன கட்டியிருப்பார்கள்? புளிச்சோறா? இதற்கு ஆவணம் இல்லை, நானும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் 15 கிலோ அரிசி ஒரே வீட்டில் வெந்தால் அந்தப் புகையும் வாசனையும் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுக்குத் தெரியும், தலையாரி வீட்டுக்கும் தெரியும். ஒன்று, பல வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தெருவே பார்த்தும் பார்க்காததுபோல இருந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பெண்கள் கலந்து பேசாமல் இது நடந்திருக்காது.

இந்தப் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி பெயர் நமக்குத் தெரியும். விடியற்காலை வாழைநார் கிழித்தவர்கள் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. எனக்கு அந்த அடுப்புதான் முதல் காட்சியாக வேண்டும்.

பழுப்புத் தாள்

அடுப்பங்கரை அம்மா, மனதார ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் செய்ததுதான் வரலாறு எழுதும் வேலை. தெரிந்ததிலிருந்து தெரியாததை அளந்து பார்த்தீர்கள், எது உங்கள் ஊகம் என்பதையும் சொன்னீர்கள். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

தம்பி உப்பளத்து மகன், உங்கள் ஆச்சி சொன்னதைத் தள்ளவில்லை. அது யார் சொன்னது, எப்போது சொன்னது, அவர் கண்ணால் பார்த்ததா காதால் கேட்டதா என்று குறித்து வைத்தால் அதுவும் ஆவணம்தான். குறிக்காமல் நேரே மேடைக்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மன்னார்குடி ரோடு

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஆண்டுதோறும் நினைவு யாத்திரை வருகிறது. அகஸ்தியம்பள்ளி ஸ்தூபிக்கு மாலை போடுகிறார்கள், உப்பு அள்ளுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாதையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு வைரப்பன் யார் என்று தெரியாது. டீச்சர், நாடகத்தை நிறுத்தாதீர்கள்.

சலூன் வீட்டுப் பிள்ளை

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் அப்பா சலூன் வைத்திருந்தார், தாத்தா வீடு வீடாகப் பெட்டி தூக்கிப்போய் வேலை செய்தவர். பாதி மழித்த முகத்தோடு போலீஸ்காரர் ஓடுவதை மேடையில் காட்டினால் கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம். தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் யாரிடமும் "முடியாது" என்று சொல்ல முடியாது. கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், திண்ணைக்கு மேலே ஏறக்கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு நிலையில் இருந்த மனிதர், சீருடைக்காரனைப் பார்த்து மறுத்திருக்கிறார். அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்தால் அன்றைக்கு வீட்டில் உலை இல்லை.

கன்னத்தில் சோப்பு நுரை பாதி இருந்ததா, முழுசாக இருந்ததா என்று நீங்கள் வாதாடுகிறீர்கள். எனக்கு அந்தக் கை தெரிய வேண்டும். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருக்கும் கை நிற்கிறது. ஈரத்துணியில் துடைக்கிறார். மடக்குகிறார். பெட்டியில் வைக்கிறார். வசனமே வேண்டாம். அப்பா கடை பூட்டும்போது இந்த நாலு வேலையையும் தினமும் செய்வார், அதனால் சொல்கிறேன்.

உப்பளத்து மகன்

அண்ணே, இதற்குமேல் நான் என்ன சொல்ல. நான் அந்தக் காட்சியைச் சிரிப்பாகத்தான் கேட்டிருக்கிறேன், சிரிப்பாகத்தான் சொல்லியும் இருக்கிறேன். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பழுப்புத் தாள்

சலூன் வீட்டுப் பிள்ளை சொன்ன காட்சியில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. மறுத்தது நடந்தது, சிறை நடந்தது. கத்தியை மடக்கி வைப்பது அந்தத் தொழிலின் இயல்பு. கூடுதலாக எதையும் நாம் அவர் வாயில் போடவில்லை.

மற்றதுக்கு ஒரு யோசனை. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறானே, அவனைக் கொண்டுவாருங்கள். கலெக்டர் உத்தரவு வரும்போது "இது சர்க்கார் காகிதத்தில் இருக்கிறது" என்று சொல்லட்டும். மரத்தில் சோறு தொங்கும்போது "இதை ஊர் சொல்கிறது" என்று சொல்லட்டும். அடுப்புக் காட்சியில் "இது எங்கள் வகுப்பு கணக்குப் போட்டுப் பார்த்தது" என்று சொல்லட்டும். பிள்ளைகளுக்கு மூன்றும் வேறு வேறு என்று தெரியும்.

உப்பளத்து மகன்

இதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை ஐயா. ஜனம் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் நடுவில் வந்து "இதற்குச் சான்று இல்லை" என்கிற மாதிரி பேசினால், எங்கள் ஆச்சியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றின மாதிரி இருக்கும்.

டெல்டா டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒத்திகையில் இரண்டையும் செய்து பார்த்தோம். கட்டியங்காரனாக நடிக்கும் எட்டாம் வகுப்புப் பெண், "ஊர் சொல்கிறது" என்பதைக் குரலை இறக்காமல், கலெக்டர் உத்தரவைப் படித்த அதே கம்பீரத்தோடு சொன்னாள். தம்பி, அப்படிச் சொன்னால் உங்கள் ஆச்சிக்கு ஒரு குறையும் வராது என்றுதான் எனக்குப் பட்டது. நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வைரப்பனுக்கு வசனத்தை எடுத்துவிட்டேன். கத்தியை மடக்கும்போது பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அடுப்புக் காட்சிக்குப் பிறகு ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அது எந்த மரம்?" எனக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தொண்டர்கள் வந்த சாலையோரம் இருக்கும் ஊர்களுக்குப் போகிறோம். எண்பது தொண்ணூறு வயதானவர்களிடம் கேட்கலாம் என்று.

பழுப்புத் தாள்

டீச்சர், கேட்கும்போது சொல்பவர் பெயர், வயது, ஊர், அவருக்கு யார் சொன்னது என்ற நான்கையும் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 1930-இல் பிறந்தவர்களுக்கே இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அதனால் நேரில் பார்த்தவர் கிடைப்பது அரிது. அம்மாவிடம், ஆச்சியிடம் கேட்டவர்கள்தான் கிடைப்பார்கள். அதைத் தவறாமல் குறியுங்கள். போனில் பதிவு செய்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள்தான் பேசுவார்கள்.

அடுப்பங்கரை

எந்த மரம் என்பதோடு எந்த இலையில் கட்டினார்கள் என்றும் கேளுங்கள்.