புது அலுமாரியைப் பழசாக்குவது: மலையகத்து அனுபவங்கள்

பண்டாரவளையிலிருந்து:

எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் புது அலுமாரி செய்யச் சொல்லிவிட்டு, "துரை பங்களாவில் கிடந்த மாதிரி இருக்கணும்" என்கிறார்கள். தேய்மானத்தை எங்கே காட்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. சிலர் கதவு முழுவதையும் உரசிவிடுகிறார்கள். பூனை பிறாண்டியது போலிருக்கும். கைப்பிடியைச் சுற்றி, லாச்சியின் மேல் விளிம்பு, துடைப்பம் இடிக்கிற கால்கள் என்று நிஜமாகவே தேயும் இடங்களில் மட்டும் பெயின்ட் போகவேண்டும். அடி நிறம் காய்ந்ததும் அங்கே மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டு மேல் நிறத்தை அடியுங்கள். அப்புறம் 120 நம்பர் சான்ட் பேப்பரால் லேசாக உரசினாலே கழன்று வரும். ஓரங்களை மழுப்ப 220.

மரம் வரைக்கும் தேய்க்கிற இடத்தில் புதுப் பலகை வெளேரென்று தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். பைனஸ் மாதிரி வெளிர் மரத்துக்கு நம் தேயிலைத் தூளே மருந்து. பெயின்டுக்கு முன்னால் கடும் சாயத்தண்ணியைப் பூசிக் காயவிடுங்கள். ஸ்டீல் வுல்லை ஒரு இரவு வினாகிரியில் ஊறவைத்து, வடித்து, அந்தத் தண்ணியைச் சாயம் காய்ந்த மரத்தின்மேல் பூசினால் தேயிலையின் துவர்ப்புச் சத்தான டனினோடு இரும்பு சேர்ந்து மரம் சாம்பல் கறுப்பாகும். ஊறும்போது வாயு கிளம்பும், போத்தல் மூடியை இறுக்கவேண்டாம்.

ஹட்டனிலிருந்து:

பழைய பெயின்ட் மாதிரி வெடிப்பு விழவைக்கிற முறையையும் சொல்கிறேன். அடி நிறம் காய்ந்தபின், மரம் ஒட்டுகிற வெள்ளை கம்மைத் தடிப்பாகப் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே தண்ணீர் பெயின்டை ஒரே பக்கமாக இழுக்கவேண்டும். போன இடத்திலேயே திரும்பத் திரும்பப் பிரஷ் ஓட்டினால் குழம்பிவிடும். கம் தடித்தால் வெடிப்பும் அகலும். ஆனால் ஜூன், ஜூலையில் இங்கே தென்மேல் மழை. மேல் பூச்சு சட்டென்று காயாது, வெடிப்பும் விழாது. அதே மாதங்களில் உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்த கச்சான் காற்று. கொடுத்துவைத்தவர்கள்! எங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் தோது.

சரி, பலா மரத்தில் வெள்ளை அடித்தால் மஞ்சள் கசிகிறதே அண்ணே, என்ன செய்வது?

பண்டாரவளையிலிருந்து:

கசியத்தான் செய்யும் தம்பி. பிக்குமாரின் காவிக்கே பலாவின் நடுமரமான வைரத்தைக் காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் சாயம் எடுத்தார்கள். முதலில் அரக்குப் பொலிஷ் ஒரு பூச்சு, அப்புறம் வெள்ளை.

நுவரெலியாவிலிருந்து:

நிஜமான பழைய பங்களாச் சாமான் கிடைத்தால் காய்ந்தபடி உரசாதீர்கள். இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்துக்குக் கட்டாய வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம். நனைத்து உரசுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்ட விடவேண்டாம்.