சிக்னல் சரியாக இல்லாத ஊருக்குத் திறந்தநிலைத் தரவு: வைஃபை பெட்டியா, தொலைபேசிக் குரலா?

கரைவழி:
மழையளவு, நிலத்தடி நீர்மட்டம், உள்ளூர் வரவுசெலவு எல்லாம் திறந்தநிலைத் தரவாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று, பொதுத் தளங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும் ஊரில் அவை இருந்தும் இல்லாத கணக்கு. கையிலிருக்கும் பணத்துக்கு ஒரே வழிதான் முடியும் என்றால் என் ஓட்டு இணையமில்லாத வைஃபை பெட்டிக்கு: பக்கத்தில் வரும் போன்கள் அதன் வைஃபையில் சேர்ந்தால், உள்ளே சேமித்த பக்கங்களைக் காட்டும். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, 64 ஜிபி மெமரி கார்டு, தரவை வைக்க எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு, சாதாரண எச்டிஎம்எல் பக்கங்கள், அவ்வளவுதான். சராசரி 4 வாட் என்று வைத்தால் நாளுக்கு 96 வாட்-மணி. 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் 120. ஒரு நாள் தாங்கும். 50 வாட் சோலார் தகடு நிரப்பிவிடும். மாதம் ஒருமுறை பென்டிரைவில் புதுத் தரவு.

மணிக்குரல்:
ஒரு நாள் தாங்கும் பேட்டரியா? தொடர்ந்து மூன்று நாள் மேகம் மூடினால் பெட்டி அணைந்துவிடும். மழைத் தரவு தேவைப்படுவதே அந்த மூன்று நாளில்தான்! எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டும் கெடும். பெட்டி உயிரோடு இருந்தாலும் அதைத் திறக்க ஸ்மார்ட்போன் வேண்டும், பிறகு அட்டவணை படிக்கத் தெரிய வேண்டும். சமூகத் தகவலியல் ஆய்வாளர் மைக்கேல் கர்ஸ்டீன் 2011இல் கர்நாடக நிலப்பதிவேட்டுக் கணினிமயத்தைக் காட்டி எழுப்பிய ஆட்சேபம் இதுதான்: தரவைத் திறந்துவிட்டால் ஏற்கெனவே படிப்பும் கருவியும் செல்வாக்கும் உள்ளவர்களே முதலில் பயன் எடுப்பார்கள்.

என் ஓட்டு குரலுக்கு: பட்டன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால், மையக் கணினி திரும்ப அழைத்துக் குரலில் பதில் சொல்லும். அழைப்பவருக்குச் செலவில்லை, எழுத்தறிவும் தேவையில்லை.

கரைவழி:
கார்டு கெடுவதற்கு மருந்து உண்டு. கார்டில் இயங்குதளம் இருக்கும் பகுதியை ஓவர்லே முறையில் (மாற்றங்கள் கார்டுக்குப் போகாமல் தற்காலிக நினைவகத்தில் மட்டும் நிற்கும்) படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். தரவுக்குத் தனி யூஎஸ்பி, அதில் இரண்டு கோப்புறைகள். புதியது முழுதாக ஏறி, கோப்பு சிதையவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பும் ஒத்துப்போன பிறகே, எந்தக் கோப்புறையைப் படிப்பது என்ற இணைப்பை அதற்கு மாற்ற வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பழையது அப்படியே இருக்கும். பை 4இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையமும் இல்லாததால் நேரம் பின்தங்கும். டிஎஸ்3231 என்ற கடிகாரத் தொகுதி சேருங்கள், அல்லது "எந்தத் தேதி வரையிலான தரவு" என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள். போன்கள் "இணையம் இல்லை" என்று சொல்லி மொபைல் டேட்டாவுக்குத் தாவும் தொல்லைக்கு, டேட்டாவை அணைக்கச் சொல்லும் அறிவிப்பைப் பெட்டிமேல் ஒட்டுவதே நம்பகமான வழி.

மேகத்துக்கு 40 ஆம்பியர்-மணி பேட்டரி, இரவில் அணையும் டைமர். மூன்று நாளைத் தாண்டினால் அப்போதும் இழுபறிதான், மறுக்கவில்லை. ஆனால் குரலில் பத்து வருட மழையை எப்படி ஒப்பிடுவீர்கள்? அதற்கு எஸ்எம்எஸ் அனுப்பலாமே.

மணிக்குரல்:
எஸ்எம்எஸ்ஸில் தமிழ் வந்தால் ஒரு செய்திக்கான 160 எழுத்திடம் 70 ஆகச் சுருங்கும். நீளமான செய்தியாகப் பிரித்து அனுப்பினால் துண்டுக்கு 67. "நிலத்தடி நீர்" கண்ணுக்கு 7 எழுத்து, ஆனால் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் இடைவெளியோடு 13 இடம். ஊர்ப் பெயர், தேதி, அளவு போட்டதும் முதல் செய்தி தீர்ந்துவிடும்.

ஐவிஆரிலும், அதாவது எண்ணை அழுத்தினால் பதிந்த குரலில் பதில் சொல்லும் அமைப்பிலும், வேலை இருக்கிறது. எண்களைத் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டினால் "இருபது மூன்று" என்று பேசும். 1 முதல் 99 வரை முழுதாகப் பதியுங்கள். நூறுக்கு "நூறு", "நூற்று" இரண்டும் வேண்டும். 8 கிலோஹெர்ட்ஸ் மோனோ போதும், சாதாரணத் தொலைபேசி அழைப்பில் அதற்குமேல் போகாது. ஒரு மெனுவில் நான்கு தேர்வுக்கு மேல் வைத்தால் முதலில் சொன்னது மறந்துபோகும். பத்து வருட ஒப்பீடு கேட்பவர் குறைவு. "இந்த மாதம் எவ்வளவு, போன வருடம் இதே மாதம் எவ்வளவு", இந்த இரண்டு எண் போதும்.

அட்டவணைப்பித்தன்:
இரண்டு பேரும் தேர் ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், அச்சாணியைப் பார்க்கவில்லை. நீர்மட்டம் தரையிலிருந்து கீழ்நோக்கி அளக்கப்படுகிறது. அளக்காத மாதம் கோப்பில் காலியாக இருக்கும். இறக்குமதி நிரல் காலியை 0 ஆக்கினால், மணிக்குரலின் ஐவிஆர் "தண்ணீர் பூஜ்ஜியம் மீட்டரில்" என்று அறிவிக்கும். அதாவது தரை மட்டத்தில் தண்ணீர்! அதை நம்பி ஒருவர் ஆழ்துளை போடலாம். சில தளங்கள் காலிக்குப் பதில் -999 போடும். சராசரி எடுத்தால் கரைவழியின் வரைபடம் தரைக்கு மேலே பறக்கும்.

ஊர்க் குறியீடு 007 என்றால் எக்செல் அதை 7 ஆக்கிவிடும், அப்புறம் எந்த அட்டவணையோடும் பொருந்தாது. அதைவிட மோசம் பிடிஎஃப். பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பைதான் வரும். அதை யூனிகோடுக்கு மாற்றிச் சீராக்கினாலும் ஊர்ப் பெயர்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

கரைவழி:
அது வெளியிடுபவரின் வேலை. அவர் சிஎஸ்வியை (வெறும் உரையாக இருக்கும் அட்டவணைக் கோப்பு) தமிழ் சிதையாத யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒழுங்காகத் தரும்வரை ஊர் காத்திருக்க வேண்டுமா?

அட்டவணைப்பித்தன்:
காத்திருக்க வேண்டாம், வாசலில் ஒரு சோதனை வையுங்கள். குறியீட்டுப் பத்திகளை உரையாக மட்டும் படிப்பது. காலியை "அளக்கவில்லை" என்றே கடைசிவரை கொண்டுபோவது, குரலிலும் அப்படியே சொல்வது. போன அளவிலிருந்து கிணற்றின் வழக்கத்துக்கு மீறித் தாவும் வரியை நிறுத்திவைத்து மனிதர் பார்ப்பது. கண்காணிப்புக் கிணறு இந்த ஊரில்தான் இருக்கிறதா, பக்கத்து ஊரிலா என்பதை ஒவ்வொரு பதிலிலும் சொல்வது. பயனாளிப் பட்டியலில் பெயர், கணக்கு எண் இருந்தால் பெட்டிக்குள்ளேயே விடாதீர்கள். திறந்த தளத்தில் இருந்ததே என்பது சாக்கு ஆகாது.

மணிக்குரல்:
இந்தச் சோதனைக்குப் பெட்டி வேண்டியதில்லையே. மையக் கணினியில் ஒரே இடத்தில் திருத்தினால் எல்லா அழைப்பும் திருந்தும். ஐம்பது ஊரில் ஐம்பது பெட்டி வைத்தால், தப்பான மாதக் கோப்பை யார் ஓடி ஓடித் திரும்ப எடுப்பது?

கரைவழி:
அடுத்த மாதப் பென்டிரைவ் போகும்வரை தப்பு நிற்கும், உண்மைதான். அதற்குத்தான் பக்கத்தின் தலையிலேயே கோப்பு எண். தப்பான கோப்பு எண்ணை மட்டும் அனுப்ப உங்கள் 70 இடம் தாராளம். "14 வேண்டாம், 13 பாருங்கள்". பெட்டியில் முந்தைய கோப்புறை இருக்கிறது, ஒரு பட்டனில் பின்னால் போகலாம். செய்தியைப் பெற்று அழுத்த ஊரில் ஒருவர் வேண்டும், அவருக்கு மாதச் சம்பளமும் வேண்டும். அந்தச் செலவை என் முதல் கணக்கில் சேர்க்கவில்லை.