மே லீவுக்கு இலங்கை: வேன் பேக்கேஜா, நாமளே போகலாமா?

ஹெண்ணூர் தினேஷ்
எங்க அப்பார்ட்மெண்ட்ல மூணு தமிழ்க் குடும்பம் சேர்ந்து இலங்கை போகலாம்னு பேச்சு. கூட வயசானவங்க மூணு பேர், பசங்க நாலு பேர். ஏஜென்ட் ஆறு நாள் பேக்கேஜ் சொல்றார்: கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை, கொழும்பு. வேன், டிரைவர், ஹோட்டல் எல்லாம் அதுலயே. என் மனைவி, நாமளே டிக்கெட் போட்டுக்கிட்டுப் போகலாங்கிறா. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

விவேக்நகர் செல்வி
உங்க மனைவி பேச்சைக் கேளுங்க. 2024 மே மாசம் நாங்க அஞ்சு பேர் போனோம். நான், வீட்டுக்காரர், மாமியார், ரெண்டு பசங்க. எட்டு நாள்.

மொதல்ல அந்தப் பெந்தோட்டையைப் பாருங்க. மே பாதிக்கு மேல தென்மேற்குப் பருவக்காத்து வந்துட்டா மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளிக்கும். சிவப்புக் கொடி நட்டுட்டா பசங்க கரையில உட்கார்ந்து அலையைப் பார்க்க வேண்டியதுதான். அதே நாள்ல கிழக்குக் கரையில, திருகோணமலைக்குப் பக்கத்துல உப்புவெளி, நிலாவெளியில, கடல் குளம் மாதிரி கிடக்கும். வருஷக் கடைசியில இது அப்படியே தலைகீழ். இது தெரிஞ்சவங்க மே மாசத்துக்குப் பெந்தோட்டை போட மாட்டாங்க. ஏஜென்ட் ஏன் போட்டார்னா அவர்கிட்ட பன்னெண்டு மாசத்துக்கும் ஒரே ரூட்தான்.

இன்னொண்ணு ரயில். என் பொண்ணு மூணாவது படிக்கிறா. ஸ்கூல்ல கன்னடம். தமிழ் எழுத்தெல்லாம் பாட்டி வீட்ல ஸ்லேட்டுல சொல்லிக் குடுத்ததுதான். கொழும்பு கோட்டை ஸ்டேஷன் போர்டு முன்னாடி நின்னு 'பு...கை...யி...ர...த'ன்னு கூட்டிக் கூட்டிப் படிச்சா. "புகை விடுற ரதமா பாட்டி?"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் எட்டு நாளும் கண்ணுல பட்ட போர்டெல்லாம் படிச்சுக்கிட்டே வந்தா. பெங்களூர்ல அவளுக்கு வீட்டுக்கு வெளிய தமிழ் எழுத்து கண்ணுல படுறதே அபூர்வம்.

ஜாலஹள்ளி மூர்த்தி
செல்வி சொல்லும் பருவமழை விஷயம் சரி. மற்றதில் நான் ஒத்துப்போகவில்லை. போர்டு வேன் ஜன்னலிலிருந்தும் தெரியும்.

2023இல் நானும் இதே துணிச்சலில்தான் போனேன். அப்பாவுக்கு அப்போது 78. 'எல்லா' என்ற மலையூரில், சரிவில் ஒரு தங்குமிடம். படத்தில் அழகாக இருந்தது. ரோட்டிலிருந்து அறுபது படி இறங்கவேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவுக்கு வாந்தி, மயக்கம். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. மேலே ரோட்டுக்கு ஏறி ஒரு ஆட்டோவை நிறுத்தத் தமிழில் கத்தினேன், இங்கிலீஷில் கத்தினேன். அந்தப் பக்கம் சிங்களம்தான் ஓடும். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வேன்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். அப்பா பிழைத்தார். இன்றைக்கும் அந்தப் படிகளை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

போன வருஷம் அவரை மறுபடி கூட்டிப்போனோம், டிரைவரோடு. பக்கத்து அறையில் சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவர், வாசலில் ஒரு வண்டி. நான் காசு கொடுத்தது அதற்குத்தான்.

கே.ஆர்.புரம் கார்த்தி
மூர்த்தி சார், டிரைவர் இருந்தா நிம்மதிதான். ஆனா எங்க டிரைவர் மாத்தளையில மசாலாத் தோட்டத்துல ஒன்றரை மணி நேரம் நிறுத்திட்டார். தைலம் தேய்ச்சுவிட்டு, கடைசியில கவுன்டர்ல கொண்டுபோய் விட்டாங்க. கண்டியில ரத்தினக் கடை வேற. புத்தரோட பல் இருக்கிற தலதா மாளிகைக்குள்ள இருபது நிமிஷம்தான் கிடைச்சது. அது எல்லாத்துலயும் கமிஷன் இருக்கு சார்.

ஜாலஹள்ளி மூர்த்தி
உண்மை. மசாலாத் தோட்டமும் நகைக்கடையும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடவேண்டும். நாங்கள் சொன்னோம், அவர் நிறுத்தவில்லை.

விவேக்நகர் செல்வி
மூர்த்தி சார், உங்க அப்பா விஷயம் படிக்கவே கஷ்டமா இருந்தது. அதைச் சின்னதா எடுத்துக்கிட்டு நான் இதைச் சொல்லலை. அங்க 1990னு ஒரு நம்பர் இருக்கு. சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு வாங்க மாட்டாங்க. 2016ல நம்ம நாட்டு உதவியில ஆரம்பிச்சது. நாங்க போன உடனே சிம் வாங்கி அதைத்தான் மொதல்ல எல்லார் போன்லயும் போட்டோம். அந்த நம்பரை அன்னைக்கு உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கணும்.

போர்டு வேன்ல இருந்தும் தெரியுங்கறீங்க. சரி. இது தெரியுமா சொல்லுங்க. கண்டியில இருந்து நானுஓயா (நுவரெலியாவுக்கு இறங்குற ஸ்டேஷன்) போக ரிசர்வேஷன் கிடைக்கலை. ரெண்டாம் வகுப்புல கூட்டத்தோட ஏறினோம். ஒரு பையன் எழுந்து மாமியாருக்கு இடம் குடுத்தான். ஹட்டன்ல ஏறின ஒரு அம்மா அவங்க பக்கத்துல உட்கார்ந்தாங்க. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. "ஊரு எதும்மா?" "பெங்களூரு." "அது சரி, சொந்த ஊரு?" மாமியார், "ஜோலார்பேட்டை பக்கம். எங்க மாமனார் மில்லு வேலைக்கு பெங்களூரு வந்தாரு"ன்னாங்க. அந்தம்மா, "எங்க பாட்டனோட அப்பா துறையூர்ல இருந்து தேயிலைக்கு வந்தாராம். நாங்க யாரும் துறையூரைப் பார்த்ததில்ல"ன்னாங்க. அவங்க பொட்டலத்துல ரொட்டியும் சம்பலும். மாமியார் பையில கோடுபளே, நம்ம பெங்களூர் முறுக்கு. மாத்திக்கிட்டாங்க. தலவாக்கலையில இறங்குறப்போ என் பொண்ணு தலையில கை வெச்சு, "நல்லா படிக்கணும், தமிழும் படிக்கணும்"னு சொல்லிட்டுப் போனாங்க. மாமியார் நானுஓயா வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசலை.

மலையகத்துக்குத் தமிழர் போக ஆரம்பிச்சு 2023ல இருநூறு வருஷம். நான் எத்தனையோ கட்டுரை படிச்சிருக்கேன். எனக்கு அது மனசுல பதிஞ்சது அந்தக் கோடுபளே கை மாறினப்பதான்.

பானஸ்வாடி வசந்தி
செல்வி, படிச்சதும் கண் கலங்கிடுச்சு. இருந்தாலும் யாரும் பேசாத ஒண்ணைச் சொல்றேன். 'நாமளே போறது'ன்னா அந்த 'நாம' யாரு? எங்க வீட்ல அது நான். ஹோட்டல் தேடுறது நான், மாமனாருக்கு உப்பில்லாத சாப்பாடு எங்க கிடைக்கும்னு கேக்குறது நான், சாயங்காலம் ஆச்சுன்னா "அடுத்து என்ன?"னு எல்லார் மூஞ்சியும் என் பக்கம் திரும்பும். வருஷம் முழுக்க மூணு வேளையும் இன்னைக்கு என்னன்னு யோசிக்கிறவ நான். பேக்கேஜ்ல போன அந்த ஆறு நாள்தான் என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலை. எனக்கு அது பெரிய விஷயம். அதைச் சுதந்திரம் இல்லைன்னு யாரும் சொல்லாதீங்க.

விவேக்நகர் செல்வி
வசந்தி அக்கா, இதுக்கு என்கிட்ட எதிர்வாதம் கிடையாது. எங்க வீட்ல கிளம்புறதுக்கு முன்னாடியே பிரிச்சுக்கிட்டோம். டிக்கெட்டும் ரூமும் அவர், சாப்பாட்டுக் கடை மாமியார், தண்ணி பாட்டில் பசங்க. அப்படிப் பிரிக்கலைன்னா நானும் உங்க பக்கம்தான் நின்னிருப்பேன்.

ஜாலஹள்ளி மூர்த்தி
அந்த ரயில் சம்பவத்துக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் இடம் கொடுத்த அந்தப் பையன் எல்லா நாளும் அதே பெட்டியில் இருக்கமாட்டான். மே மாதம் வேசாக் பௌர்ணமி வரும். அந்த விடுமுறையை ஒட்டி ரயிலில் நிற்கவே இடம் கிடைக்காது. ரிசர்வேஷன் முப்பது நாள் முன்பு திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். 2025 நவம்பரில் தித்வா புயல் வந்து, மண்சரிவில் மலைப்பாதைத் தண்டவாளம் பல இடங்களில் அறுந்துபோனதே! எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று பார்க்காமல் ரயிலை நம்பித் திட்டம் போடலாமா? மூன்று முதியவர்களோடு ஸ்டேஷனில் நின்று முழிக்கவேண்டி வந்தால்?

சிகிரியா பாறைக்கோட்டையும் உங்கள் பட்டியலில் இருக்கும். ஏறத்தாழ 1,200 படி. குளவிக்காகச் சத்தம் போடாதீர்கள் என்று அங்கேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். பெரியவர்களைக் கீழே நிழலில் உட்காரவைக்கவும் ஒரு வண்டி வேண்டும்.

விவேக்நகர் செல்வி
நாங்களும் எல்லா இடத்துக்கும் ரயில்ல போகலை சார். நுவரெலியாவுல இருந்து தம்புள்ளை வழியா திருகோணமலைக்கும், அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கும் கார் பேசிக்கிட்டோம். அன்னன்னைக்குப் பேசின கார். டிரைவர் நம்மகூட எட்டு நாள் இருக்கணும்னு இல்லையே. சிகிரியா மாமியார் ஏறலை, நானும் ஏறலை. ரெண்டு பேரும் இளநி குடிச்சிட்டுக் கீழயே இருந்தோம்.

திருகோணமலையில மூணு ராத்திரி. கோணேசர் கோயில் பாறை மேல இருக்கு, மூணு பக்கமும் கடல். சம்பந்தர் பாடின பதிகத்தை மாமியார் அங்க நின்னு முழுசாப் பாடினாங்க. பேக்கேஜ்ல அந்த ஊரே இல்ல. இதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

ஜாலஹள்ளி மூர்த்தி
கோணேசருக்கு நாங்களும் போனோம், வேனில். கேட்டால் ரூட்டை மாற்றிக்கொடுக்கிறார்கள்.

ஹெண்ணூர் தினேஷ்
எல்லாருக்கும் நன்றி. பெந்தோட்டையை எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா உப்புவெளி, தரைத்தள ரூம், படி இருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் பணம் கட்டப்போறேன். கண்டியில இருந்து நானுஓயா மட்டும் ரயில், அதுவும் ஓடுதான்னு பார்த்துட்டு. மத்ததுக்கு வண்டியா, டிரைவரா, இன்னும் முடிவாகலை.

பானஸ்வாடி வசந்தி
போன் பண்ணப்போறது யாரு, நீங்களா உங்க மனைவியா?

ஹெண்ணூர் தினேஷ்
நான்தான் அக்கா. நேத்து ராத்திரியே தனி நோட்டுப் போட்டுட்டேன்.

ஜாலஹள்ளி மூர்த்தி
முதல் பக்கத்தில் 1990 என்று பெரிதாக எழுதுங்கள் தினேஷ். அதற்குக் கீழே பெரியவர்கள் மூன்று பேரின் மாத்திரைப் பெயர்களும் அளவும்.