எல்.கே.ஜி. பாப்பாவுக்கு எழுத்து முதலிலா, பேச்சு முதலிலா?

சத்துவாச்சாரி அம்மா:
வணக்கம். மகளுக்கு நாலு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது, எல்.கே.ஜி. போகிறாள். போன வாரம் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள், எழுத்து அடையாளம் தெரியவில்லை, தமிழும் கொச்சையாகப் பேசுகிறாள், வீட்டில் பயிற்சி கொடுங்கள் என்று. ஏ பி சி டி பாட்டை மூச்சு விடாமல் பாடுவாள், 'எம்' எது காட்டு என்றால் முழிப்பாள். செல்போனில் பார்த்து ஆக்டபஸ், ஜிராஃப், பர்ப்பிள் எல்லாம் சொல்கிறாள். ஆனால் கரண்டியை எடுத்து வா என்றால் "எது?" என்று நிற்கிறாள், வீட்டில் இருக்கிற எல்லாமே அவளுக்கு "அது", "இது"தான். கொச்சை என்று அவர்கள் சொல்வது மாமியாரிடம் பழகிய பேச்சு, "தட்டு அங்க கீது", "வந்துனு கீறேன்" மாதிரி. வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட், நான் வேலை முடிந்து வர ஆறரை ஆகிவிடும், ராத்திரி சமையலுக்கு நடுவில் கிடைக்கிற நேரம்தான்.

ஒருவர் 500 சொல் அட்டை விற்க வீட்டுக்கே வந்துவிட்டார். வசதியான வீட்டுக் குழந்தை 3 கோடி சொல் அதிகமாகக் கேட்டு வளர்கிறதாம், அட்டை வாங்கினால் அது சரியாகிவிடுமாம். வாங்கலாமா? எழுத்து முதலில் சொல்லித் தரட்டுமா, கதையா? தமிழா இங்கிலீஷா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பால்வாடி டீச்சர் (ஓய்வு):
அம்மா, அணைக்கட்டுப் பக்கம் முப்பது வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்தவள் நான். எழுத்து தெரியாதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, கரண்டி தெரியாததுதான் உறுத்துகிறது. நாளைக்கு அவள் கா-ம்-பு என்று கூட்டிப் படிப்பாள், காம்பு என்கிற சொல் ஏற்கெனவே காதில் விழுந்திருந்தால் "ஓ, காம்பு!" என்று முகம் மலரும், இல்லையென்றால் அது வெறும் சத்தம்தான்.

ஆறரைக்கு மேல்தானே நேரம், அப்படியானால் சமையல்கட்டிலேயே பாடத்தை வையுங்கள். நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நாலு வாங்கி வந்து அவள் கையில் கொடுங்கள். குத்தும், "ஆ" என்பாள். அங்கிருந்துதான் பேச்சு ஆரம்பம். குத்தினது முள், முள் இருக்கிற இடம் காம்பு, இது பிஞ்சு, அது முத்தல், வெட்டினால் உள்ளே புழு, அப்படியானால் இது சொத்தை, தூக்கிப் போடு. ஆறு சொல் ஆயிற்று, ஒன்றுகூட அந்த அட்டையில் இருக்காது, இருந்தாலும் குத்தாது. மறுநாள் வெண்டைக்காய் வரும்போது அவளே காம்பு எது என்று காட்டுவாள் பாருங்கள். நீங்கள் "அதை எடு" என்று சொல்வதை மட்டும் நிறுத்துங்கள், நாம் 'அது' என்றால் பிள்ளையும் 'அது' என்றுதான் சொல்லும்.

அப்புறம் கைதட்டல். கத்-த-ரிக்-காய், நாலு தட்டு. உப்-பு, இரண்டு தட்டு. சொல்லுக்குள்ளே துண்டு துண்டாகச் சத்தம் இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தால்தான் பின்னால் எழுத்துக் கூட்ட வரும். பென்சிலுக்கு அவசரம் வேண்டாம், விரல் இன்னும் பழகவில்லை, அரிசித் தட்டில் ஒரு விரலால் இழுக்கட்டும், வாசலில் புள்ளி வைக்கக் கூப்பிடுங்கள்.

'கீது' பற்றி டைரியில் என்ன எழுதினாலும் பாட்டியின் பேச்சை நிறுத்தாதீர்கள். பாட்டி "தட்டு அங்க கீது" என்றதும் பிள்ளை திரும்பிப் பார்க்கிறாளே, அவளுக்கு மொழி வந்திருக்கிறது என்று அர்த்தம். புத்தகத்தில் இருக்கிற 'இருக்கிறது' கதை வாசிக்கும்போது தானாகக் காதில் ஏறும்.

குடியாத்தம் நெசவு:
டீச்சரம்மா சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சரி. எங்கள் வீட்டில் தெலுங்கு. பையனை எல்.கே.ஜி. சேர்த்தபோது வீட்டிலும் தெலுங்கை விட்டுவிடுங்கள் என்றார்கள், நாங்களும் பயந்து விட்டோம், ஆறு மாதம் வீடே ஊமை வீடு மாதிரி ஆனது. எங்கள் நைனாவுக்குத் தமிழில் கதை சொல்ல வராது, என் மனைவிக்கு இங்கிலீஷ் வராது, பையனிடம் "சாப்பிடு", "தூங்கு" தவிர யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு பழையபடி தெலுங்கில் பேச ஆரம்பித்ததும்தான் கேள்வி கேட்கத் தொடங்கினான். அக்கா, எந்த மொழியில் உங்களுக்கு வாய் நிற்காமல் பேச வருமோ அதில் பேசுங்கள்.

ஆனால் எழுத்து தானாக வரும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், சொல்லித்தான் தர வேண்டும். 247 என்று கேட்டதும் மலைப்பாக இருக்கும், 12 உயிர், 18 மெய், கூடவே சில குறிகள், மீதி எல்லாம் இவை சேர்கிற சேர்க்கைதானே (ஆய்தம் தனி). நான் அ, ஆ வரிசையில் போகவில்லை, ட, ப, ம என்று வரைய சுலபமானதாக எடுத்தேன். ஒரு வாரத்தில் 'படம்', 'மடம்' படித்தான், படித்த சந்தோஷம் அவனுக்கு, அது ரொம்ப முக்கியம். கால் போட்டால் பா, டா, மா. எல்லா எழுத்துக்கும் ஒரே கால்தான். உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளினேன். கு, டு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சுழிக்கும், அதை முதலிலேயே கொடுத்தால் பிள்ளை ஓடிவிடும்.

காட்பாடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போர்டு படிக்கச் சொல்வேன். 'பாகாயம்' பட்டென்று படித்துவிட்டான், அது பிள்ளைகளுக்கென்றே வைத்த பெயர் போல இருக்கிறது, கால் மட்டும் தெரிந்தால் போதும். 'வேலூர்' வந்ததும் நின்றுவிட்டான். முதலில் இருக்கிற இரட்டைக் கொம்பைத் தொட்டுக் காட்டி "இது என்ன எழுத்து நான்னா?" என்கிறான். நியாயம்தானே? கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது. கொம்பைத் தனியாகப் படிக்காதே, பக்கத்தில் இருப்பவனைக் கூட்டிக்கொண்டுதான் பேசும் என்று சொன்னேன், நாலைந்து நாளில் பிடிபட்டது. இதில் இன்னொரு கூத்து, எங்கள் நைனா 1978 சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர், இன்றைக்கும் 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரிதான் போடுவார். பேரனுக்கு 'மலை' எழுதிக் காட்டிவிட்டார், அவன் என்னிடம் வந்து தாத்தாவுக்கு எழுத்தே தெரியவில்லை என்கிறான்.

ராணிப்பேட்டை72:
எங்கள் காலத்தில் மணலில் விரலைப் பிடித்து அழுத்தி எழுத வைத்தார்கள், அழுதாலும் விட மாட்டார்கள், நாங்கள் படிக்கவில்லையா? இப்போது எல்லாவற்றுக்கும் செல்லம்.

பால்வாடி டீச்சர் (ஓய்வு):
மணல் சரி தம்பி. அழுகைதான் தேவையில்லை. உங்களோடு உட்கார்ந்து அழுது, பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் இந்தப் பக்கம் எழுத வர மாட்டார்கள்.

பேச்சுப் பயிற்சி மாணவி:
அந்த 3 கோடி கணக்கு அமெரிக்காவில் இருந்து வந்தது அக்கா. ஹார்ட், ரிஸ்லி என்று இரண்டு பேர் கான்சஸ் மாநிலத்தில் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் போய்ப் பதிவு செய்து, அதைப் பெருக்கிப் பார்த்து 1995இல் புத்தகமாகப் போட்டார்கள். 2018இல் வேறொரு குழு வேறு ஊர்களில் பார்த்தபோது அந்த மாதிரி இடைவெளி கிடைக்கவில்லை, சுற்றி இருக்கிற பாட்டி, அத்தை பேசுவதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கே மாறுகிறது என்றார்கள். அட்டைக்காரர் இதை எல்லாம் சொல்லியிருக்க மாட்டார். காதில் எத்தனை சொல் விழுந்தது என்பதைவிட நீங்களும் அவளும் எத்தனை தடவை மாறி மாறிப் பேசினீர்கள் என்பதுதான் முக்கியம்.

அதனால் புத்தகத்தை நீங்களே படித்து முடித்துவிடாதீர்கள். "இது என்ன?" என்று ஒரு தடவை போதும், அப்புறம் "ஏன் அழுகிறான்?", "நீயாக இருந்தால் என்ன செய்வே?" கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நம்மால் அந்த ஐந்து வரை பொறுக்க முடியாது, நாமே பதில் சொல்லிவிடுவோம். அவள் "நாய்" என்றால் நீங்கள் "ஆமா, நனைஞ்ச நாய்" என்று ஒரு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். காசு போட வேண்டாம், ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்.

செல்போனுக்கு இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது, அதையும் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்த்தால் நல்லது. ஒன்று மட்டும் கவனியுங்கள், பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, வெளியாட்களுக்கு அவள் பேச்சு புரிகிறதா. சந்தேகம் இருந்தால் காதைச் சோதித்துவிடுங்கள், சளி பிடித்துப் பிடித்துக் காது மந்தமாகிற பிள்ளைகள் நிறைய.

சத்துவாச்சாரி அம்மா:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். காது பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது. அட்டை வாங்கவில்லை. ஐந்து எண்ணுவது ரொம்பக் கஷ்டம், மூன்றிலேயே வாய் திறந்துவிடுகிறேன். டைரியில் அதே குறிப்பு மறுபடி வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மாமியார்தான் இப்போது காய் நறுக்குகிற டீச்சர், நேற்று தக்காளி வாங்கப் போன இடத்தில் இவள் கடைக்காரரிடமே "இது சொத்தை கீது" என்று எடுத்துப் போட்டாள், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ட, ப, ம தெரிகிறது. பால் பாக்கெட்டில் 'பா' கண்டுபிடித்தாள், அன்றைக்கே பஸ்ஸில் எழுதியிருந்த 'பஸ்' பார்த்து அதிலும் 'ப' என்றாள். அப்புறம் பாதி ராத்திரி வரை ஒரே கேள்வி, பால் சொல்லும்போது வாய் ஒரு மாதிரி போகிறது, பஸ் சொல்லும்போது வேறு மாதிரி போகிறது, எப்படி ரெண்டும் ஒரே எழுத்து என்று. நான் தூங்குடி என்று சொல்லிவிட்டேன். குடியாத்தம் அண்ணா, உங்கள் பையன் இதைக் கேட்டானா? என்ன சொன்னீர்கள்?