நீதிமன்றத்தில் 31 வருடம்: பணிக்கொடையை எடுப்பதா, விடுவதா?

மட்டுநகர் உரைபெயர்ப்பாளர்:

வரும் ஆவணியில் எனக்கு 60 முடிகிறது. 1995இல் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். சாட்சிக்காரர் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும், பொலிஸ் குறிப்பில் சிங்களத்தில் இருப்பதைத் தமிழிலும் சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. மற்றவர்களின் வழக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். என் ஓய்வூதியக் கணக்கு மட்டும் விளங்கவில்லை.

முதலாவது, பணிக்கொடை, அதாவது ஓய்வு பெறும்போது ஒரேயடியாகத் தரும் காசு. மொத்தமாக எடுத்தால் மாத ஓய்வூதியம் குறையும் என்கிறார்கள். மகளின் வீட்டுக் கூரை பாதியில் நிற்கிறது, பணம் தேவை. ஆனால் சாகும்வரை குறைந்த பென்சன்தானா என்று பயமாக இருக்கிறது.

இரண்டாவது, என் முதல் நியமனக் கடிதம். 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியில் எங்கள் வீட்டுக்குள் கடல் வந்தது. பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்த பத்திரங்களை மூன்றாம் நாள் மணலுக்குள்ளிருந்து எடுத்தோம். கடிதத்தில் குண்டூசியின் துருவும் ஊதா நிற மையின் கறையும்தான் மிச்சம். ஒப்பம் இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

மூன்றாவதைக் கேட்க ஒரு மாதிரியாக இருக்கிறது. என் கணவர் மேசன் வேலை செய்கிறவர், அவருக்கு எந்தப் பென்சனும் இல்லை. நான் முதலில் போய்விட்டால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா? அது மனைவிமாருக்கு மட்டும் உரியது என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

கல்முனைப் பதிவாளர் (ஓய்வு):

தங்கச்சி, மூன்றாவதிலிருந்து வருகிறேன். உங்கள் அலுவலக நண்பர் 1983க்கு முந்திய உலகத்தில் இருக்கிறார். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பெண் உத்தியோகத்தரின் கணவருக்கும் பிள்ளைகளுக்குமாக 1983இல் 24ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், மாதாமாதம் அதற்குக் கழித்துத்தான் இருப்பார்கள். பதிவிலக்கம் இருக்கிறதா, கணவரின் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நீங்கள் போனபிறகு அவர் சாந்தும் கரண்டியுமாக அலுவலகம் அலுவலகமாக அலையக் கூடாது.

பணிக்கொடையை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம். குறைக்காத ஓய்வூதியத்தின் 24 மாதத் தொகை அது. உங்கள் குறைக்காத ஓய்வூதியம் 45,000 ரூபாய் என்று வைத்தால், கையில் வருவது 10 இலட்சத்து 80 ஆயிரம். குறைந்த ஓய்வூதியம் சாகும்வரை இல்லை, பத்து வருடம்தான். பிறகு முழுத்தொகை. நான் 2012இல் எடுத்தேன், 2022இல் முழுத்தொகைக்கு வந்துவிட்டேன். அந்த 120 மாதங்களில் என்னிடம் கழிந்ததைக் கொப்பியில் கூட்டிப் பார்த்தேன், வாங்கிய காசை எட்டவேயில்லை. ஒன்று மட்டும்: இடர் கடன், அதாவது அவசரத் தேவைக்கு அரச ஊழியருக்குக் கொடுக்கும் கடன், நிலுவை இருந்தால் பணிக்கொடையில்தான் கை வைப்பார்கள். கூரைக்கு மரம் பேசும் முன் அதைப் பாருங்கள்.

கடிதத்துக்குப் பயப்பட வேண்டாம். பதிவாளர், நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால், எழுதுவினைஞர், உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர் ஆகியோரெல்லாம் அரசியலமைப்பு சொல்லும் ‘அட்டவணைப்படுத்தப்பட்ட பகிரங்க அலுவலர்கள்’. கோவை கட்டும் பைண்டர்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறார்! நம்மை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. பதிவாளர் ஊடாக அங்கே பிரதி கேட்டு எழுதுங்கள். உங்கள் சுயவிபரக் கோவையிலும் ஒரு பிரதி கிடக்கலாம்.

என் ஆவலாதி ஒன்று. எனக்குக் கீழே வேலை பார்த்தவர் 2021இல் ஓய்வு பெற்றார், என்னைவிடக் கூட எடுக்கிறார். 2020 ஜனவரி 1க்கு முன் போனவர்களின் ஓய்வூதியத்தை மூன்று கட்டமாகத் திருத்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். அதுவரை பத்தாம் திகதி வங்கியில் அவரைக் கண்டால் வேறு வரிசையில் நிற்கிறேன்.

அக்கரைப்பற்றுச் சட்டத்தரணி:

அக்கா, உங்களுக்கு எடுப்பதா விடுவதா என்ற கவலையாவது இருக்கிறது. அதே மண்டபத்தில் உங்களுக்கு எதிரே நிற்கும் எங்களைப் பாருங்கள். வசதியில்லாத எதிரிக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக, மேல் நீதிமன்றம் எங்களை ஒதுக்கினால் அந்த வழக்குக்குரிய கட்டணம் வரும், அதோடு சரி. சில நாடுகளில் அரசே சம்பளத்துக்கு எதிரித்தரப்புச் சட்டத்தரணிகளை வைத்து ஓய்வூதியமும் கொடுக்கிறது. இங்கே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சட்ட உதவி ஆணைக்குழுதான்.

முஸ்லிம்களின் திருமண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதவான் நிலைமை இன்னும் மோசம். தலாக்கும் தாபரிப்பும் வீட்டு விறாந்தையிலேயே விசாரிக்கிறார், கிடைப்பது சிறிய கொடுப்பனவு. மத்தியஸ்த சபையில் காணிச் சண்டை தீர்க்கும் பெரியவர்களும் தொண்டாகத்தான் செய்கிறார்கள்.

நீதிபதிமாருக்கு எல்லாம் கொட்டுகிறது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தில் 65, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 63, மேல் நீதிமன்றத்தில் 61 வயதில் ஓய்வு. முதல் இரண்டிலும் நிரந்தர நீதிபதியாக இருந்தவர், ஜனாதிபதியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் திரும்பவும் கறுப்புக் கோட்டுப் போட்டு எந்த நீதிமன்றத்திலும் தோன்ற முடியாது. அவர்களின் ஓய்வூதிய உரித்தை நியமனத்துக்குப் பிறகு குறைக்கக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுகிறவரின் கை நடுங்கக் கூடாது அல்லவா? அந்தச் செலவில் எனக்குக் குறையில்லை. எனக்கும் ஒரு சேமலாப நிதி இருந்திருக்கலாம் என்பதுதான் குறை.

மட்டுநகர் உரைபெயர்ப்பாளர்:

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. நேற்று என் கோவையைப் பார்த்தேன். நியமனக் கடிதத்தின் பிரதி உள்ளே இருக்கிறது, நீலக் காபன் பிரதி, கடல் தொடாதது. பதிவிலக்கமும் இருக்கிறது. இடர் கடனில் இன்னும் ஏழு தவணை.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. என் கணவர் திருமணச் சான்றிதழில் ‘தம்பிராசா’, அடையாள அட்டையில் ‘தம்பிராஜா’. இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி வேண்டுமாம். அப்படி எத்தனை நூறு கடதாசியை நானே வாசித்து விளங்கப்படுத்தியிருப்பேன்! திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு சமாதான நீதவானிடம் போகிறேன். ஒரு நாள் கூலி போய்விடும் என்று முணுமுணுக்கிறார்.