மிஸ்ஃபயர் என்பதற்கு 'எரிதப்பு'

அன்புடையீர்,

கார் எஞ்சினின் உருளை (சிலிண்டர்) ஒன்றில், அதன் முறை வந்தபோது பெட்ரோல் கலவை எரியாமல் போவதை மிஸ்ஃபயர் என்கிறோம். பட்டறைகளில் அதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். "வண்டி மிஸ் அடிக்குது" என்று சொன்னால் தஞ்சாவூர் முதல் நாகப்பட்டினம் வரை எந்த மெக்கானிக்கும் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார். இதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம்மிடையே இதுவரை பொறித்தவறல், எரிபற்றாமை, பதர்வீச்சு என்னும் மூன்று ஆக்கங்கள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருப்பதால், அதன் காரணத்தைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

முதலில் பொறித்தவறல். சென்ற ஐப்பசியில், இரண்டு நாள் விடாத மழைக்குப் பின், என் நான்கு உருளை பெட்ரோல் கார் நின்ற இடத்திலேயே குலுங்கத் தொடங்கியது; இழுவை குறைந்து, சைலன்சரில் எரியாத பெட்ரோலின் வாடை அடித்தது. பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே சாலையோரப் பட்டறை ஒன்றுக்கு ஓட்டிச் சென்றேன். மெக்கானிக் உடனே மூடியைத் திறக்கவில்லை. வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து, சைலன்சர் வாய்க்கு எதிரே உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். சீராக வந்த புகைக்காற்று இடையிடையே விட்டு விட்டு வந்ததை அவர் கை கண்டுகொண்டது. அதன் பிறகே ஸ்கேனரைச் செருகினார். பி0303 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டியது. பி0300 என்றால் பல உருளைகளில் மாறி மாறி நிகழ்வது; கடைசி எண் 1 முதல் 4 வரை இருந்தால் அது உருளையின் எண். கலவையை எரிக்கும் பொறியைத் தருவது பிளக்; அதற்கு உயர் மின்னழுத்தம் தருவது உருளைக்கு ஒன்றாக உள்ள காயில். எஞ்சினை ஓடவிட்டபடியே ஒவ்வொரு காயிலின் கனெக்டராகக் கழற்றிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றைக் கழற்றியபோது எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாதவனை வீட்டுக்கு அனுப்பினால் யாருக்கும் தெரியாதல்லவா? பிறகு மூன்றாவது காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை மூன்றாவதிலும் மாற்றிப் பொருத்தி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டினார். இப்போது பி0302 வந்தது. "காயில்தாங்க" என்று சொல்லி, அதன் ரப்பர் உறையைத் திருப்பிக் காட்டினார். உறையின் நெடுக்கே தலைமுடி போல ஒரு கரிக்கோடு. பிளக் குழிக்குள் இறங்கிய மழைநீரால், பிளக்கின் இடைவெளியைத் தாண்ட வேண்டிய மின்சாரம் உறையின் வழியே எஞ்சினின் உலோகத்துக்குக் கசிந்து வழி போட்டிருந்தது.

இந்த நிகழ்வுக்குப் பொறித்தவறல் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காயிலை மாற்றியும் கோளாறு மூன்றாவது உருளையிலேயே தங்கியிருந்தால், அவர் அடுத்துப் பிளக்கையும், அதன்பின் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும், கடைசியில் உருளையின் அழுத்தத்தையும் சோதித்திருப்பார். கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியைச் சந்தேகிக்க வேண்டும். உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லையோ என்று பார்க்க வேண்டும். வால்வு சரியாக மூடாவிட்டால் பொறியும் பெட்ரோலும் இருந்தும் பயனில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஸ்கேனர் காட்டியிருக்கக்கூடியது அதே பி0303தான், ஏனெனில் பெரும்பாலான கார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டி கிராங்க் தண்டின் சுழற்சியில் விழும் சிறு தொய்வை அளந்தே இதைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே காரணத்தைச் சொல்லுக்குள் வைத்துவிடுவது, காய்ச்சலுக்குக் கொசு என்று பெயர் வைப்பதை ஒக்கும். பிளக்கை வெளியே எடுத்துப் பொறி பார்க்கும் பழைய வழக்கமும் இதே குழப்பத்தைத் தரும். திறந்த காற்றில் எளிதாகத் தாவும் பொறி, உருளைக்குள் கலவை அழுத்தப்படும்போது அதே இடைவெளியைத் தாண்ட மேலும் உயர்ந்த மின்னழுத்தத்தைக் கேட்கும். வெளியே பளிச்சென்று தெரிந்தது உள்ளே விழாமல் போகலாம். இவை போதாவென்று, பொறி என்னும் சொல் நம்மிடம் தீப்பொறியையும் எந்திரத்தையும் எலிப்பொறியையும் ஐம்பொறியையும் ஒருங்கே சுமக்கிறது. 'பொறியின் பொறித்தவறல்' என்று ஒரு கையேட்டில் அச்சாவதை நான் காண விரும்பவில்லை.

எரிபற்றாமை என்பதில் குறை வேறு. எரிபற்றாமை என்று படிப்பவருக்கு, வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றுதான் தோன்றும். மேலும் '-ஆமை' ஈறு ஒரு நிலையைக் குறிப்பதால், அதை எண்ணிக்கையில் வைக்க முடிவதில்லை. நமக்கோ எண்ண வேண்டியிருக்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும் நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, ஒவ்வோர் உருளையும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். நான்குமாகச் சேர்ந்து 100 முறை. அந்த நூற்றில் ஒன்றோ இரண்டோ விட்டுப்போவதைத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கு வைக்கிறது. 'பன்னிரண்டு எரிபற்றாமைகள்' என்பது வாயில் நுழையவில்லை.

பதர்வீச்சு முதலில் என் மனத்தைக் கவர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உமி இருக்க உள்ளே அரிசி இல்லாத நெல்லைப் போல, வீச்சு இருக்க உள்ளே எரிதல் இல்லை. இந்த வயல்களிடையே பிறந்தவர்தான் அப்படி நினைக்க முடியும். எனினும் பதர் என்பது ஒரு பொருள், தூற்றும்போது கழிக்கப்படுவது. நாம் பெயரிட வேண்டியதோ கணத்தில் நிகழ்ந்து மறைவது. அச்சொல்லில் வசவின் சாயலும் உண்டு. (நல்ல வேளையாகச் 'சாவி'யை யாரும் பரிந்துரைக்கவில்லை. கருகிய பயிரைச் சாவி என்பது நம் பக்கத்து வழக்கமானாலும், காரைப் பற்றிய நூலில் அது என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.)

நான் முன்வைப்பது 'எரிதப்பு'. நிகழ வேண்டிய முறையில் நிகழாமல் போவதைத் தமிழ் 'தப்புதல்' என்கிறது. மழை தப்புகிறது, தாளம் தப்புகிறது, தண்ணீர் வராத ஆண்டில் குறுவை தப்புகிறது. "தவணை தப்பாமல் கட்டு" என்கிறோம். மிஸ்ஃபயர் முதலில் துப்பாக்கி வெடிக்காமல் போவதற்கு வழங்கிய சொல். அதைக் குறி தவறுவதாக எண்ணித் 'தவறிய சூடு' என்று பெயர்ப்பது பொருளையே திருப்பிவிடும். எரிதப்பில் அந்தச் சிக்கல் இல்லை. காரணத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதுமில்லை. எரிதப்பு எண்ணிக்கை, ஓருருளை எரிதப்பு, சிதறிய எரிதப்பு என்று தொடர்கள் தடையின்றி வருகின்றன.

'எரி'க்கும் 'தப்பு'க்கும் இடையே வல்லினம் ('த்') மிகுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எரி தப்புதல் என்னும் எழுவாய்த் தொடராக, அலைபாய்தலைப் போலக் கொண்டால் மிகாது. 'எரித்தப்பு' என்றால் எரித்துவிட்ட தப்பு என்று படிக்கவும் இடமாகும். தப்பு என்பது பிழையையும், தஞ்சை வட்டாரத்தில் தப்பாட்டத்தின் பறையையும் குறிக்குமே என்பது வலுவான எதிர்ப்பு. அதனாலேயே 'தப்படி' என்று நான் முதலில் குறித்து வைத்திருந்ததை அடித்துவிட்டேன். 'எரி' முன்னால் நிற்கும்போது அந்த மயக்கம் பெரும்பாலும் நீங்குகிறது. பிளக், காயில் ஆகியவற்றைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அவை கடையில் கேட்டு வாங்கும் பொருள்களின் பெயர்கள். செருகி, சுருள் என்று கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் பார்ப்பார். சைலன்சரில் பட்டாசு வெடிப்பது போன்ற ஓசைக்குத் தனிச்சொல் வேண்டும்; அதை எரிதப்போடு கலக்கக் கூடாது.

புதுக் காயில் பொருத்தியதைக் காட்டப் போன வாரம் அதே பட்டறைக்குச் சென்றபோது, இந்தச் சொல்லை மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் குலுங்கிக்கொண்டிருந்த வேறொரு வண்டியைக் காட்டி, "அப்போ இதுல நாலாவது தப்புதுங்க சார்" என்றார். 'எரி'யை அவர் விட்டுவிட்டார். ஆகவே கலைச்சொல் பதிவில் பெயர்ச்சொல்லாக எரிதப்பு என்றும், வினையாகத் தப்பு என்று மட்டும் கொடுக்கலாமா என்று கருத்துக் கேட்கிறேன்.