மறு: கிளவுட் கேமிங் – "தொலையாட்டம்" சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கிளவுட் கேமிங்குக்கு, அதாவது விளையாட்டைத் தொலைவிலுள்ள கணினியில் ஓட்டி அதன் படத்தை மட்டும் இணையம் வழியாக நம் திரைக்கு அனுப்பும் சேவைக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: மேக விளையாட்டு, ஓடை (ஸ்ட்ரீமிங்) விளையாட்டு, முகிலாட்டம். கடைசியில் உள்ளது காதுக்கு இனிமைதான். ஆனால் கோவைப் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள். "குரங்காட்டம் குதிக்காதே" என்கிற ஊரில் முகிலாட்டம் என்றால் "முகில் மாதிரி" என்றுதான் கேட்கும். அதை விட்டுவிடலாம்.

> படம் ஓடையில் வருகிறது, பாட்டு ஓடையில் வருகிறது, விளையாட்டும் அப்படியே வரட்டுமே.

இங்கேதான் மாறுபடுகிறேன் ஐயா. படம் பார்க்கும்போது அடுத்து வரும் காட்சிகளைச் செயலி முன்கூட்டியே இறக்கி இடையகத்தில் (பஃபர்) வைத்துக்கொள்கிறது. நடுவில் இணையம் இரண்டு நொடி படுத்துக்கொண்டாலும் நமக்குத் தெரியாது. விளையாட்டில் அடுத்த காட்சி என்ன என்பதே நாம் பொத்தானை அழுத்திய பிறகுதான் முடிவாகிறது. முன்கூட்டி இறக்கி வைக்க ஒன்றுமே கிடையாது. படத்தைச் சுருக்கி அனுப்பும் குறியாக்கிக்கும் (என்கோடர்) இதே பாடுதான். படத்தைச் சுருக்கும்போது பின்னால் வரப்போகும் சட்டகத்தையும் (ஃபிரேம்) எட்டிப் பார்த்துச் சுருக்கலாம். இங்கே அந்தச் சட்டகம் இன்னும் பிறக்கவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 1920 × 1080 படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் ஆகும். அதை 20 மெகாபிட்டுக்குள் அடக்க வேண்டும், அதாவது 150இல் ஒரு பங்காக, அதுவும் சில மில்லிநொடிக்குள். அப்புறம் தூரம். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வழங்கி (சர்வர்) 1000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 10 மில்லிநொடி. இதை எந்தப் பொறியாளரும் குறைக்க முடியாது. ரவுட்டர், வைஃபை, டிவி எல்லாம் இதற்கு மேல் தனித்தனியாகச் சேரும். என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் கேமிங் சேவை, தன் தரவு மையத்துக்கும் நமக்கும் இடையில் தாமதம் 80 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 1080பி தரத்துக்கு 25 மெகாபிட் வேகம் கேட்கிறது. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 11 ஜிபி காலி.

கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்ற தன் கிளவுட் கேமிங் சேவையைத் தொடங்கியபோது அதன் கைப்பிடிக்குள் (கன்ட்ரோலர்) தனி வைஃபை வைத்திருந்தது. பொத்தானை அழுத்தினால் செய்தி டிவிக்கோ கணினிக்கோ போகாது; வீட்டு வைஃபை வழியாக நேரே கூகுளின் வழங்கிக்குப் போய்விடும். நடுவில் ஒரு படி மிச்சம். அந்தச் சில மில்லிநொடிக்காகத் தனிக் கருவியே செய்திருக்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர் இந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது. ஓடை ஒரு திசையில் மட்டும் ஓடும். இதில் விரல் அசைவு மேலே போகிறது, படம் கீழே வருகிறது.

சரி, மேகம்?

மேகக்கணிமை (கிளவுட் கம்ப்யூட்டிங்) என்றதும் நம் மனதில் வருவது, பல்லாயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும் வழங்கி. மின்னஞ்சலுக்கு அது பொருந்தும். ஆனால் மின்னஞ்சல் பேருந்து என்றால் இது கிட்டத்தட்ட ஆளுக்கொரு கார். ஒரு கிராபிக்ஸ் கார்டை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஆயிரம் பேருக்கு முடியாது. மைக்ரோசாப்ட் 2020இல் தன் கிளவுட் கேமிங் சேவையைத் தொடங்கியபோது எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் என்ற விளையாட்டுப் பெட்டியின் உள்ளுறுப்புகளைத்தான் தரவு மையத்தில் அடுக்கியது. மறு ஆண்டே அதற்கடுத்த தலைமுறையான சீரிஸ் எக்ஸ் வன்பொருளுக்கு மாறியது. இதைவிட மோசம், எல்லாரும் மாலையில் ஒரே நேரத்தில் வந்து உட்காருவார்கள். அந்த நேரத்தில் வேறு கண்டத்தில் இயந்திரங்கள் சும்மா கிடந்தாலும் மேலே சொன்ன தூரக் கணக்கால் இங்கே உதவாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் உச்ச நேரத்துக்கு வேண்டிய அளவு வாங்கிப் போட்டுவிட்டு, மீதி நேரம் மின்கட்டணம் கட்ட வேண்டியதுதான். மாதச் சந்தா ஒன்றுதான், வன்பொருளோ இரண்டு மூன்று ஆண்டில் பழசாகிவிடும்.

அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய ஆன்லைவ் என்ற சேவை 2015இல் மூடப்பட்டது, காப்புரிமைகள் சோனிக்குப் போயின. ஸ்டேடியா 2023 ஜனவரியில் நின்றது. நிலைத்து நிற்கும் ஜீஃபோர்ஸ் நவ்கூட இலவசக்காரர்களை வரிசையில் நிறுத்தி, ஒரு அமர்வுக்கு ஒரு மணி நேரம்தான் தருகிறது. 2025 முதல் புதிய சந்தாதாரர்களுக்கு மாதம் 100 மணி என்று வரம்பும் வைத்தது. "மேகம்" என்ற சொல் இந்த இயந்திரக் கணக்கையெல்லாம் மறைத்துவிடுகிறது.

எனவே என் பரிந்துரை: தொலையாட்டம். இயந்திரம் தொலைவில், ஆடுபவர் இங்கே. தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வினையாகவும் வரும்: தொலையாடு, தொலையாடலாம்.

> தொலை என்றாலே திட்டுகிற மாதிரி இருக்கிறது.

தொலைபேசியை யாரும் திட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மாதம் புழங்கினால் காது பழகிவிடும்.

> சொந்த பிளேஸ்டேஷனை வேறு அறையிலிருந்து போனில் ஆடுவதும் தொலைவிலிருந்து ஆடுவதுதானே? இரண்டும் ஒன்றாகிவிடாதா?

நல்ல கேள்வி அம்மா. ஒன்றாகட்டும் என்றுதான் சொல்வேன். வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றே: குறியாக்கி, வலை, சுருக்கிய படத்தை விரிக்கும் குறிநீக்கி. இயந்திரம் யாருடையது என்பது மட்டும் வேறு. பொதுச்சொல் தொலையாட்டம், பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வீட்டுத் தொலையாட்டம், வாடகைத் தொலையாட்டம் என்று அடை சேர்க்கலாம். "மேகத் தொலையாட்டம்" வேண்டும் என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

கூடவே லேட்டன்சிக்கும், அதாவது பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் பலன் தெரிவதற்கும் இடையிலான நேரத்துக்கும், ஒரு சொல் முடிவு செய்துவிடலாம். அகராதிகளில் "மறைநிலை" சார்ந்து எதையாவது போட்டுவிடுகிறார்கள். இங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை, தாமதமாகிறது, அவ்வளவுதான். தாமதம் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும் என்பதால் சுணக்கம் என்று வைக்கலாம். "பைல் சுணங்கிப் போச்சு" என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிற சொல்தான். வலைச் சுணக்கம், குறியாக்கச் சுணக்கம், திரைச் சுணக்கம் என்று பிரித்து எழுதினால் தவறு எந்தக் கட்டத்தில் என்பதும் தெளிவாகும். சுணக்கம் கூடிக் குறைந்து தள்ளாடுவதற்கு மட்டும் எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. "சுணக்க ஏற்ற இறக்கம்" நீளம். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

ஆடுபவரைத் "தொலையாடி" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஆட்டக்காரர் போதும்.